தார்ப்பாய் முடிச்சு

வலது கை வரவில்லை.

"சித்த நவுரு ஜெகதீசு, நான் இழுக்கறேன்," என்று செல்லமுத்துப் பெரியப்பா கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டார். செத்துக் கிடந்த சின்னண்ணனின் இடது கையை மார்பின் மேல் எடுத்து வைத்தாகிவிட்டது. வலது கை மட்டும் முதுகுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வேட்டியில் கிழித்த நாடாவை வைத்துக்கொண்டு பிரவீனா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"மெதுவாங்க பெரீப்பா. அப்பாவுக்கு வலிக்கும்," என்றான் ஜெகதீஸ்வரன். சொல்லிவிட்டு அதற்காகவே அழுதான்.

"மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனப்பதான் பாத்தீங்களாக்கும்? அதான் வெறச்சுப் போச்சு. கைய எதுக்கு இப்புடி மடக்கிப் படுத்தான்?"

பதில் பிரவீனாவுக்குத் தெரியும். மகள் கையிலிருந்து எதையும் வாங்கிவிடக் கூடாது என்றுதான் அவர் அப்படி மடக்கிக்கொண்டார். சாகிறபோதுகூட.

கை ஒரு வழியாக வெளியே வந்தது. பெரியப்பா நாடாவை வாங்கிக் கட்டினார். சங்ககிரி சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர். விவசாயம் பார்க்கிறவர், கல்யாணமானாலும் எழவானாலும் முறை தெரிந்தவர்.

"நல்ல சாவு. கொழந்தையாட்டம் போயிட்டான்," என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு மறதி நோய் வந்த மூன்று வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். குழந்தையாக ஆகிவிட்டாராம். குழந்தை யாரையாவது அறைந்து வீட்டைவிட்டுத் துரத்துமா?

காலையில் அவள்தான் கஞ்சி கொண்டுபோனாள். சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து ஒரு ராத்திரி தங்கிப் போவாள். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, சன்னல் கம்பியில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். டம்ளரை நீட்டினாள். வலது கை உடனே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. எப்போதும் இப்படித்தான். அம்மா கொடுத்தால் வாங்குவார். பால்காரர் நீட்டினாலும் வாங்குவார். வழி கேட்க வந்த ஒரு பீகார்ப் பையன் கொடுத்த பிஸ்கட்டை வாங்கித் தின்றிருக்கிறார். மகள் கொடுத்தால் மட்டும் கை ஒளிந்துகொள்ளும். எல்லாம் மறந்த மனிதருக்கு, மகள் வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு தீட்டாகிவிட்டாள் என்பது மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது?

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அன்னைக்கு என்னைய எதுக்கு அடிச்சீங்க?"

அவர் துண்டை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் கலங்கிப் போயிற்று.

"உன்னைய அடிச்சாங்களா? ஆரு சாமி அடிச்சது?"

"நீங்கதாங்ப்பா."

"பேரச் சொல்லு சாமி. எந்த ஊர்க்காரன்? நானு வண்டிய எடுத்துட்டுப் போயிக் கேக்கறேன். பொட்டப்புள்ள மேல கை வெக்கறவன் மனுசனா?"

அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. அவளுக்காக. மூக்கு விடைத்து, உதடு நடுங்கியது. வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

பிரவீனா டம்ளரைச் சுவரில் வீசினாள். வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் அந்த அறைக்குள் அவள் போகவில்லை. இப்போது கஞ்சி சுவரில் காய்ந்து, பொருக்குத் தட்டி நிற்கிறது. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதன்மேல் முதுகு படாமல் தள்ளித் தள்ளி உட்கார்கிறார்கள்.

"காலைல ஏதாச்சும் குடிச்சாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லீங்க," என்றாள் பிரவீனா.

*

வெளியே பந்தல் போட்டு, சிவப்பு நாற்காலிகளை இறக்கிவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்து நின்றுவிட்டது. அப்பா முண்டாசோடு, தன் முதல் லாரியின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே துக்கத்தில் வாடுவோர். 'மகள் பிரவீனா' என்று போட்டு, அதற்கு அடுத்து மருமகன் குணசீலன். அவன் பெயருக்குப் பின்னால் இவர்கள் சாதிப் பட்டத்தையும் சேர்த்து அடித்திருந்தார்கள். சேலத்து அம்மாபேட்டையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் அவன். அவன் வீட்டில் யாரும் ஒருநாளும் போட்டுக்கொள்ளாத பட்டம்.

குணசீலன் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வந்து பக்கத்தில் நின்றதும், "ப்ரமோஷன் குடுத்துட்டாங்க போல," என்றான் மெதுவாக.

"சிரிக்காதீங்க. எனக்குக் கிழிச்சுப் போடணும்போல இருக்கு."

"கிழிக்கலாம். முதல்ல கண்ணாடியைக் குடு. ஒண்ணும் தெரியாம நிக்கறே."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தானே அவள் காதில் மாட்டிவிட்டான். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் இதே கேட்டுக்கு வெளியே அவள் கண்ணாடி இல்லாமல் நின்றாள். குணசீலனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அப்பா அறைந்தார். கண்ணாடி உடைந்து, சில்லு கன்னத்தில் கீறியது. அப்பா அவள் கையைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். ஜெகதீஸ்வரன் கேட்டைச் சாத்தினான். அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரவேயில்லை. பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாமல், இது சேலம் போகுமா என்று ஆள் ஆளாகக் கேட்டு ஏறி, குணசீலன் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் போய் இறங்கினாள். அவன் முதலில் அவள் கண்ணுக்கு அளவெடுத்துக் கண்ணாடி செய்து போட்டான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"பாப்பா, மாப்பிள்ளைக்கு டீ குடுத்தாங்களா?" ஜெகதீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "மச்சான், உள்ள வந்து உக்காருங்க. நீங்கதான் முன்னால நிக்கோணும்."

"அண்ணா, அந்த ஃப்ளெக்ஸுல எதுக்கு இவரு பேரோட..."

"சொந்தபந்தம் வருது பாப்பா. எல்லாம் ஒண்ணா இருக்கட்டும்னுதான்."

"இந்தக் கேட்டைச் சாத்துனது நீங்கதாங்ணா. ஞாபகம் இருக்குதா?"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்குப் போயி அதப் பேசறயே. அப்பாவே மறந்துட்டாரு. நீ இன்னும் புடிச்சுட்டு தொங்கற."

"அவரு மறந்தது நோவுங்ணா. உங்களுக்கு என்ன நோவு?"

குணசீலன் அவள் முழங்கையைத் தொட்டான். ஜெகதீஸ்வரன் யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவன் சொன்ன மறதிதான் அவளைச் சுட்டது. நோய் ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அப்பாவே அம்மாவின் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு, "எப்ப சாமி ஊட்டுக்கு வார?" என்று, ஏதோ போன வாரம்தான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனவளைக் கேட்பதுபோலக் கேட்டார். அவளும் வந்தாள். உடனே எல்லாரும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அடித்தவருக்கு நினைவில்லை என்பதால் அடி விழவேயில்லை என்று ஆகிவிட்டது. வாங்கியவளுக்கு மட்டும் கன்னத்தில் கோடு இருந்தது.

சேலத்து டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போன நாளில் அவளும் கூட இருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. சங்ககிரியிலிருந்து நாக்பூருக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்னூல் என்று ஆரம்பித்து நாக்பூர் வரைக்கும் ஓர் ஊர் விடாமல் சொன்னார். எந்த டாபாவில் ரொட்டி நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பேசும்போதே இடது கை கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

"ஞாபகம்கிறது ஒரே பை இல்லைம்மா," என்றார் டாக்டர். "நடந்தது ஒரு இடத்துல இருக்கும். அதுதான் முதல்ல கரையும். தெரிஞ்சுக்கிட்ட விஷயம் வேற இடம். கை பழகினது வேற இடம், அது லேசுல போகாது. அப்புறம் பயம், பிரியம், கூச்சம் இதெல்லாம் இன்னும் ஆழத்துல இருக்கும். எதனால வந்ததுன்னு மறந்து போகும். ஆனா வந்தது வந்தபடி நிக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மா இதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தன் பாஷையில் சொன்னாள். "லோடு போயிருச்சு. இஞ்சின் ஓடுது."

கை பழகியது என்றால் முடிச்சுதான். தார்ப்பாய்க் கயிற்றுக்கு அப்பா தனியாக ஒரு முடிச்சு வைத்திருந்தார். எப்போதோ வட நாட்டு ரோட்டில் ஓடும் லாரியிலேயே எவனோ ஏறித் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போனதிலிருந்து, வழக்கமான கட்டுக்கு மேல் உள்பக்கமாக இன்னொரு சுற்று விட்டு இழுப்பார். மற்ற டிரைவர்கள் அவிழ்க்க மெனக்கெட்டுப் பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். ஜெகதீஸ்வரன் படிக்கிற பிள்ளை, கயிறு கையை அறுக்கும் என்று கிட்டத்திலேயே வரமாட்டான். பிரவீனாதான் பாவாடையைச் செருகிக்கொண்டு லோடு மேல் ஏறி நின்று அவரோடு சேர்ந்து அந்த முடிச்சைப் போடுவாள். நோய் வந்தபின் அப்பா கையில் கிடைத்த துண்டையெல்லாம் கட்டில் காலிலும் சன்னல் கம்பியிலும் கட்டிவிடுவார். அம்மா அவற்றை அப்படியே விட்டுவைப்பாள். மாதம் ஒருமுறை பிரவீனா வந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள்.

*

குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவை மஞ்சள் பூசி உட்கார வைப்பதற்கு முன்னால் சற்று நேரம் சாமான் அறையில் விட்டிருந்தார்கள். பிரவீனா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா பாப்பாயி அரிசி மூட்டையின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"கடைசி வரைக்கும் என்ற கையில வாங்கலீங்ம்மா. பாத்தீங்கல்ல, செத்தும் கைய எடுக்கல. உங்க ஊட்டுக்காரருக்கு எல்லாம் மறந்துச்சு, சாதி மட்டும் மறக்கல."

பாப்பாயி மூட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கில்ல சாமி."

"பின்ன எதுக்கு?"

"அந்த உள்ளங்கைய நீ பாத்திருக்கயா?"

"காட்டுனாத்தான?"

"நீளமா ஒரு தழும்பு இருக்குது. உன்ற கண்ணாடி குத்துனது. அன்னைக்குத் தையல் போட்டுட்டு வந்தாரு." பாப்பாயி தன் உள்ளங்கையைத் திருப்பி விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "ஞாபகம் போன பொறவு அதையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. இது எப்புடி ஆச்சு பாப்பாயின்னு கேப்பாரு. தெனமும் கேப்பாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தார்ப்பாய்க் கயிறு அறுத்ததுன்னு சொல்லுவேன்."

"அவரே கேட்டிருக்காரு. தெனமும் கேட்டிருக்காரு. நீங்க பொய் சொன்னீங்களா?"

"சத்தம் போடாத."

"போடுவேன். ஒரு மனுசன் சொல்லட்டும், இந்த ஊட்டுல ஒரே ஒரு மனுசன், ஆமா சாமி உன்னைய அடிச்சோம், தொரத்துனோம்னு. நான் அதுக்குத்தானம்மா மாசாமாசம் வந்தேன். சீக்குப் பாக்கவா வந்தேன்?"

"ஒருக்கா சொன்னேன்." பாப்பாயியின் குரல் தழைந்தது. "நீ மொதமொதல்ல வந்துட்டுப் போன அன்னைக்கு. இந்தக் கையாலதான் பொண்ண அடிச்சீங்க, அதுல ஆனதுதான்னு சொன்னேன். பொறவு எந்திரிச்சுப் போயி அந்தக் கையச் செவுத்துல அடிச்சாரு பாரு. நானும் உங்கண்ணனும் சேந்து புடிச்சும் நிக்கல. மறுநா எந்திரிச்சு, இது எப்புடி ஆச்சு பாப்பாயின்னு கேக்கறாரு. மறுபடியும் சொல்லச் சொல்றயா? தெனமும் புதுசாக் கேட்டுத் தெனமும் அடிச்சுக்குவாரு. நானு எத்தன நாளைக்குப் பாக்கறது?"

வெளியே யாரோ குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னைலேர்ந்துதான் உன்னையக் கண்டா கைய ஒளிச்சுக்குவாரு. எதுக்குன்னு அவருக்கே தெரியாது."

பிரவீனா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் முதுகுக்குப் பின்னால் போன கையும், பேரச் சொல்லு என்று துடித்த உதடும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது இரண்டு மடங்காக வந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ அவர மன்னிச்சிருப்பே," என்றாள் பாப்பாயி. "பொறவு என்னையக் கேப்பே. நீங்க அடுப்படில என்ன பண்ணீட்டு இருந்தீங்கன்னு."

*

குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிப் பந்தலில் கிடத்தினார்கள். அப்பாவைச் சொந்த வண்டியில்தான் கொண்டுபோவேன் என்று ஜெகதீஸ்வரன் லாரியை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சுற்றிலும் செண்டுமல்லி மாலை தொங்கியது. அரிசித் தட்டு வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து வாய்க்கரிசி போட்டார்கள்.

கட்டைவிரல் கட்டு தண்ணீரில் நனைந்து தளர்ந்திருந்தது. யாருடைய கையோ பட்டு, வலது கை மார்பிலிருந்து நழுவி, உள்ளங்கை மேலே தெரியும்படி பக்கவாட்டில் விழுந்தது.

"கைய எடுத்து வெய்யி," என்று குனிந்த செல்லமுத்துப் பெரியப்பா அந்தத் தழும்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பாருங்கப்பா, லாரிக்காரன் கை. கயிறு இழுத்து இழுத்து அறுத்த கை. இந்த ஊட்டையும் வண்டியையும் இந்தக் கைதான் சம்பாரிச்சுது. ஏனுங் பாப்பாயி, கயிறு அறுத்ததுதானுங்க?"

பாப்பாயி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பிரவீனா அவளுக்கு நேர் எதிரில் அரிசித் தட்டோடு நின்றாள். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

"இல்லீங்க மாமா," என்றாள் பாப்பாயி.

"என்னுங்க?"

"கயிறு இல்லீங்க. பிரவீனா கண்ணாடி. புள்ளைய அறஞ்சதுல ஒடஞ்சு குத்துனது. அடிச்சுத் தெருவுல தள்ளுனோம். நாங்க எல்லாருந்தான்."

கொட்டு அடிக்கிறவர்கள் தெருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியப்பா தொண்டையைச் செருமி, தோள் துண்டை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"செரி. ஆகட்டும். நேரமாச்சு. அம்முணி, நீயே கையக் கட்டி அரிசியப் போட்டுரு."

பிரவீனா தட்டைக் கீழே வைத்தாள். அந்தக் கையை எடுத்தாள். விரல்கள் பாதி மடங்கியிருந்தன. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கைக்குள் வந்தது இப்போதுதான். கனமாக இருந்தது. தழும்பு தடவினால் தெரிகிற அளவுக்குத் தடித்திருந்தது. அதை மற்றக் கையோடு சேர்த்து வைத்து நாடாவைச் சுற்றினாள். அவள் கண் அப்பாவின் முகத்தில் இருந்தது. கேட்பதற்கு இன்னும் நிறைய இருந்தது அவளுக்கு. அவள் விரல்கள் தம் பாட்டுக்குச் சுற்றி, உள்ளே விட்டு, இழுத்து இறுக்கின.

அரிசியை எடுத்து வாயில் போட்டாள். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காத வாய்.

பெரியப்பா கட்டைச் சரிபார்க்கக் குனிந்தார். இழுத்துப் பார்த்தார். நகத்தால் நெம்பினார். "இதென்ன சாமி இப்புடிப் போட்டுட்டே? சுடுகாட்டுக்குப் போனதும் கட்டெல்லாம் அவுத்துட்டுத்தான் தீ வெக்கோணும். இத எவன் அவுக்கறது?"

பிரவீனா அப்போதுதான் தன் கையின் வேலையைப் பார்த்தாள். லாரிப் பக்கத்தில் நின்ற டிரைவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "அண்ணன் முடிச்சு," என்றார்.

"பிளேடு வெச்சு அறுத்துக்கலாங்க பெரீப்பா," என்றான் ஜெகதீஸ்வரன்.

"அறுக்கப்படாது. அவுத்துத்தான் அனுப்போணும்."

"அப்பா முடிச்சுங்க அது. எனக்கு வராது."

"நான் வந்து அவுக்கறேன்," என்றாள் பிரவீனா.

"பொம்பளைங்க காட்டுக்கு வாரதில்ல சாமி."

"வேற ஆருக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்க."

பெரியப்பா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. பாப்பாயி தலைமாட்டிலிருந்து கையை நீட்டி, மகளின் மூக்கில் சரிந்திருந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

உடலை லாரியில் ஏற்றினார்கள். பின்பக்கப் பலகையை மூடிவிட்டார்கள். தங்கை ஏறுவதற்காக ஜெகதீஸ்வரன் அதன் கொக்கியைக் கழற்றப் போனான்.

"வேண்டாங்ணா," என்றாள் பிரவீனா.

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். டயரின்மேல் ஒரு கால், கொக்கியின்மேல் ஒரு கால், சங்கிலியில் கை. எங்கே வைக்க வேண்டும் என்று பார்க்காமலே ஏறினாள்.